சூடு என்றார் அவர்

யாராவது காப்பித் தம்ளரை என் முன்னால் வைத்து "சூடு" என்றால், இன்றைக்கும் நான் தம்ளரைத் தொடுவதற்கு முன் தலையைத் தூக்கி ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவேன். என் மனைவிக்கு இது பழகிவிட்டது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள்தான் நான் பல்லியைத் தேடுகிறேனோ என்று பயந்து தாங்களும் மேலே பார்ப்பார்கள். இந்தப் பழக்கத்தை என் தலையில் கட்டியவர், இராஜபாளையத்தில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர்.

நான் வத்திராயிருப்புக்காரன். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் வேலை கிடைத்ததும், மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு மாடி அறை பார்த்துக் குடியேறினேன். கீழ்வீட்டில் அவரும் அவர் மனைவியும். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூரில். அவர் எடைமேடை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்ந்தவர். லாரி வந்து மேடையில் ஏறும், அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார், லாரி இறங்கிப் போகும். பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிய மனுஷன் என்று அவர் மனைவி சொல்வார். சம்பளம் நின்ற பிறகும் இவர் பார்ப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் அந்த அம்மாவின் குறை.

தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய் மண் அள்ளும் இயந்திரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். வேலை முடிகிறவரை தினமும் போனார். டிரைவர் கிளம்பும்போது இவரிடம் சொல்லிக்கொண்டு போனான். யாராவது ஏணியில் ஏறினால் அவர் அங்கே இருப்பார். ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் மட்டும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொள்வார்.

அவருடைய சைக்கிளைத் திருடன் ஒருவன் பட்டப்பகலில் அவர் கண் முன்னாலேயே கொண்டுபோனான். ஜன்னலில் நின்று முழுவதையும் பார்த்திருக்கிறார். ஸ்டேஷனில் அவர் சொன்ன அடையாளத்தை எழுதி முடிக்க ஏட்டுக்கு இரண்டு பக்கம் போதவில்லை. சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை, இடது கைப் பழக்கம், பெடலில் முதலில் வலது காலை வைத்தான், கிளம்புவதற்கு முன் டயரை அமுக்கிக் காற்று பார்த்தான். இவ்வளவு பார்த்த மனுஷன் ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா என்று ஏட்டு கேட்டார்.

"எம்புட்டு நேக்காப் பூட்டைத் தொறந்தான் தெரியுமா? சத்தம் போட்டிருந்தா பாதியில விட்டுட்டு ஓடிருப்பானே" என்றாராம் இவர்.

வீட்டில் அவர்கள் தெலுங்குதான் பேசுவார்கள். அந்த மொழியில் எனக்கு அரைச் சொல் தெரியாது. காலையில் அடுப்பில் பால் பொங்கும்போது அவர் "சூடு, சூடு" என்று மனைவியைக் கூப்பிடுவது மாடிக்குக் கேட்கும். பால் சூடாக இருக்கிறதாக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அடுத்து அந்த அம்மா ஓடி வருகிற சத்தமும், பால் தீய்ந்த வாசனையும், அடுப்பை அணைத்தால் கை தேய்ந்துவிடுமா என்கிற தோரணையில் ஒரு வசவும் வரும்.

இனி என் பக்கத்துக் குற்றத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு வீடியோ கேம் பைத்தியம் உண்டு. அப்போது நான் விளையாடியது குதிரைக்காரக் கொள்ளைக்காரர்களின் விளையாட்டு. பழைய காலத்து அமெரிக்கா. தலையில் தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, முதுகில் ஒரு நீளத் துப்பாக்கி, ஏறிக்கொள்ள ஒரு குதிரை. கதை ஒன்று உண்டு. ஆனால் கதையைக் கிடப்பில் போட்டுவிட்டு எந்தத் திசையில் வேண்டுமானாலும் போகலாம், பொட்டல், பனிமலை, ஆறு, ஊர் எல்லாம் விரிந்து கிடக்கும். நான் போனது சுடுவதற்கு. ஆறு நாள் மோட்டார் இரைச்சலில் கிடந்தவனுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் போய்வந்து, மத்தியானம் நாலு பேரைச் சுட்டால்தான் மனசு லேசாகும்.

குடிவந்த மூன்றாவது வாரம் துப்பாக்கிச் சத்தம் கேட்டு அவர் மாடிக்கு வந்தார். காலி பண்ணச் சொல்லப் போகிறார் என்று எழுந்து நின்றேன். அவர் டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ விளையாடு தம்பி. நான் பாக்கேன்."

நான் குதிரையில் ஒரு ஊருக்குள் நுழைந்தேன். எதிரே அந்த ஊர்ப் போலீஸ்காரர் வெள்ளைமீசையை நீவிக்கொண்டு நடந்து வந்தார். பக்கத்தில் இருந்து பரபரப்பாக ஒரு குரல், "சூடு, சூடு!" கையில் துப்பாக்கி இருக்கிறவன் காதில் நெடில் எங்கே விழப்போகிறது? சுட்டுவிட்டேன். போலீஸ்காரர் மல்லாந்து விழுந்தார். ஊரே திரண்டு எங்களைத் துரத்தியது. வீட்டுக்காரர் என்னை ஏதோ கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, அந்த மனுஷன் உனக்கு என்ன செய்தான் என்று கேட்டார். நீங்கள்தானே சுடச் சொன்னீர்கள் என்றேன். மீசையைப் பார் என்று அல்லவா சொன்னேன் என்றார். தெலுங்கில் 'சூடு' என்றால் 'பார்' என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தினமும் பால் ஏன் தீய்கிறது என்பதும் விளங்கியது.

அதற்குப் பிறகு அநேகமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தார். அவர் வந்ததும் என் விளையாட்டே மாறிப்போனது. ஒரு பண்ணையில் நாலு பேர் மரவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள், அதை அரைமணி நேரம் பார்த்தோம். கடைக்குள் போனால் அலமாரியில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ரயில் வந்தால் கொள்ளையடிக்க விடமாட்டார், கடைசிப் பெட்டி போகிறவரை எண்ணுவார். மலைப்பக்கம் போனால் இது நம்ம பிளவக்கல் அணைக்கு மேலே இருக்கிற மலைதான் என்று சாதிப்பார். ஜாய்ஸ்டிக்கை எத்தனையோ முறை நீட்டியிருக்கிறேன். சூடான பாத்திரத்தை நீட்டியதுபோலக் கையை இழுத்துக்கொள்வார். "அதெல்லாம் நமக்கு ஆகாது. நான் பாக்கேன்" என்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு யாரையும் சுடப் பிடிக்கவில்லை.

பனிமலை அடிவாரத்தில் ஒரு காட்டுக்குதிரையைப் பிடித்தோம். செம்பழுப்பு நிறம். அவர்தான் அதற்குச் செவலை என்று பெயர் வைத்தார். மூன்று மாதம் அதை வளர்த்தோம். அந்த விளையாட்டில் குதிரையைத் தேய்த்துவிடலாம், ஆப்பிள் கொடுக்கலாம், கழுத்தில் தட்டிக்கொடுக்கலாம். இவையெல்லாம் அவர் உத்தரவு, நான் கை. கீழே போய் மனைவியிடம் இன்றைக்குச் செவலை சரியாகத் தின்னவில்லை என்று சொல்வாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரம் ஒரு மானைக் குறிவைத்துக்கொண்டிருந்தேன். நீளத் துப்பாக்கி, விரல் விசையில். செவலை மெதுவாக நடந்து வந்து தண்ணீருக்குள் இறங்கித் தலையைத் தூக்கியது. வெயில் அதன் முதுகில் விழுந்தது. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது, நான் மானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சூடு" என்றார், மெல்ல. சுட்டேன். மான் ஓடிவிட்டது. நடுவில் செவலை நின்றிருந்தது.

அந்த விளையாட்டில் செத்த குதிரை செத்ததுதான். அவர் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு கீழே போய்விட்டார். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை மாடிப் பக்கமே வரவில்லை. அந்த அம்மாதான் ஒருநாள் மேலே வந்தார். "என்ன தம்பி, குதிரை செத்துப்போச்சாமே? அவரு சோறே ஒழுங்காத் திங்க மாட்டேங்காரு" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். சிரிக்க முடியவில்லை, ஏனென்றால் நானும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தன் வாய்தான் செவலையைக் கொன்றது என்றார். இனிமேல் மாடிப்படி ஏறினால் தமிழில் 'பாரு' என்றுதான் சொல்வேன், அந்த இன்னொரு சொல் வாயில் வராது என்று வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கு மாடியில் ஒருநாளும் தவறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தவறியது.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அப்பா இல்லை. அம்மா எனக்காக ஐந்து வீடு ஏறி இறங்கிவிட்டாள். ஒவ்வொன்றும் ஒரு காரணத்தில் தட்டிப்போனது. ஆறாவதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண், எங்கள் சபைதான், தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அம்மா போனில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "ஏலே, இதுவும் முடியலேன்னா இனிமே எந்த வீட்டுப் படியும் நான் ஏற மாட்டேன்." கூட ஒரு பெரிய மனுஷர் வந்தால் நன்றாக இருக்கும், குடியிருக்கிற வீட்டுக்காரரே நல்ல பையன் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும் என்று அவரைக் கூட்டிவரச் சொன்னாள். கேட்டவுடன் கிளம்பினார். கிறிஸ்தவர்கள் வீட்டில் பெண் பார்ப்பதை அவர் பார்த்ததே இல்லையாம்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. அம்மா வத்திராயிருப்பு பஸ்ஸில் வந்து சேர்ந்தாள், நாங்கள் என் பைக்கில் போனோம். பெண்ணின் அப்பா பத்திரம் எழுதுகிறவர், கண்டிப்பான மனுஷர், குரலிலேயே அது தெரிந்தது. தட்டில் பால்கோவா வந்தது. அந்தப் பெண் தானே காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு எனக்கு எதிரே சுவரோரம் நின்றாள். எல்லார் கையிலும் தம்ளர் வந்ததும் அப்பா, ஜெபம் பண்ணிவிட்டுக் குடிப்போம் என்றார். எல்லாரும் கண்ணை மூடினோம்.

பத்திரம் எழுதுகிறவர்கள் எல்லைகளை விடாமல் எழுதுவார்கள். ஜெபமும் அப்படித்தான். கிழக்கே இருக்கிற சொந்தக்காரர்கள், மேற்கே இருக்கிற சொந்தக்காரர்கள், தெருவில் காய்ச்சலில் கிடப்பவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. தம்ளர் விரலைச் சுட்டது. அப்போது என் காதோரம் ஒரு முணுமுணுப்பு.

"தம்பி, சூடு."

இந்த மனுஷருக்குத்தான் என் மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே, "ஆமா சார், செத்த ஆறட்டும்" என்றேன். திரும்பவும், "சூடு, சூடு" என்று முழங்கையால் இடித்தார். நான் தம்ளரை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து, முதல் காரியமாகக் காப்பியை ஊதினேன். நிமிர்ந்தால் அந்தப் பெண் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு என்னை முறைத்தாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். ஆணுக்கு இதெல்லாம் அப்படித்தான் தெரியும். அப்பா என்னிடம் கேட்டார். எனக்குச் சம்மதம் என்றேன். பெண் தலையைக் குனிந்துகொண்டாள், அதையும் சம்மதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெண்ணின் அம்மாவோடு கைகோத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் வீட்டுக்காரரும் காற்று வாங்கச் சந்துக்கு வந்தோம்.

வெளியே வந்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன தம்பி இப்பிடிப் பண்ணிட்ட? நான் பாரு பாருன்னு கெடந்து அடிச்சுக்கிடுதேன், நீ காப்பிய ஊதுற."

"நீங்க எங்க சார் பாருன்னீங்க? சூடுன்னீங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். எல்லாரும் கண்ணை மூடியபோது அவர் மூடவில்லை. கண்ணை மூடச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. அந்தப் பெண் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை விரித்து எனக்கு நேரே காட்டியிருக்கிறாள். நீலப் பேனாவில் எழுதியிருந்தது: 'எனக்கு விருப்பம் இல்லை. நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.' நான் கண்ணைத் திறப்பேன் என்று ஜெபம் முடிகிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது என்று இவர் அதையும் சொல்லாமல் விடவில்லை.

எனக்குக் காப்பி சுட்டதைவிட அது சுட்டது. யாரும் பார்க்காத அந்த இரண்டு நிமிஷத்தை நம்பி ஒரு பெண் என்னிடம் உதவி கேட்டிருக்கிறாள். நான் அவளுக்கு எதிரே உட்கார்ந்து சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே போய் வேண்டாம் என்று மாற்றிச் சொல்லலாமா? பையன் சம்மதம் சொல்லிவிட்டு உடனே வேண்டாம் என்றால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் பேசும், அந்த அப்பா அவளைத் துருவித் துருவிக் கேட்பார். உள்ளங்கை எழுத்து தெரிந்தால் அதைவிட மோசம். அவர்களே என்னை வேண்டாம் என்றால்தான் அவளுக்கு நல்லது. ஆனால் அத்தாட்சிக்கு ஆளைக் கூட்டிவந்து நல்லவன் என்று காட்டிக்கொண்ட என்னை அவர்கள் எதற்கு வேண்டாம் என்பார்கள்? இதையெல்லாம் அவரிடம் புலம்பினேன். சந்தில் ஒரு ஆடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்திலும் வேடிக்கை பார்க்கிறாரே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

"குடைய உள்ள வச்சிட்டேன். எடுத்துட்டு வாரேன்" என்றார்.

சித்திரை வெயிலுக்கு அவர் குடையே கொண்டுவரவில்லை. எனக்கு அது உறைப்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

கால்மணி நேரம் ஆகியிருக்கும். அம்மா முதலில் வந்தாள். முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்க்காமலே சந்தைத் தாண்டி, ஒரு ஆட்டோவை நிறுத்தி, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள். பின்னால் அவர் வந்தார், வெறுங்கையோடு.

உள்ளே என்ன சொன்னீர்கள் என்று பதறிக்கொண்டு கேட்டேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை என்றார். பெண்ணின் அப்பாவைத் தனியாக உட்காரவைத்து, ஒரு பெண்ணைப் பெற்றவன் என்கிற முறையில் மறைக்கக் கூடாது என்று ஆரம்பித்தாராம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இந்தப் பையன் அறையில் துப்பாக்கிச் சத்தம்தான். இடுப்பில் இரண்டு, முதுகில் ஒன்று. என்ன ஏது என்று யோசிக்க மாட்டான், பக்கத்தில் இருக்கிறவன் ஒரு வார்த்தை சொன்னால் சுட்டுவிடுவான். ரயில் விவகாரத்தையும் சொல்ல வாயெடுத்தாராம், நம்ப மாட்டார்கள் என்று விட்டுவிட்டாராம். கடைசியாக, மூன்று மாதம் கையால் ஊட்டி வளர்த்த குதிரையை இவன் சுட்டதைச் சொன்னார். சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த அப்பாவுக்கு வேறு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. அடுப்படிக்குப் போய் அம்மாவிடம், இது சரிப்பட்டு வராது, காரணம் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்.

"டிவியில விளையாடுற விளையாட்டுன்னு சொன்னீங்களா?"

"அவிய கேக்கவே இல்லையே, தம்பி."

அந்தப் பெண் என்ன செய்தாள் என்று கேட்டேன். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாளாம். இவர் கிளம்பும்போது இவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி உள்ளங்கையை ஒருமுறை விரித்துக் காட்டினாளாம். கழுவியிருந்ததாம்.

அம்மா என்னோடு நாலு மாதம் பேசவில்லை. உண்மையைச் சொன்னபோது அவர் வீட்டுக்கே வந்து சண்டை போடுகிறேன் என்று கிளம்பினாள். வந்து, அந்த அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொஞ்ச காலம் என்னைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் பேச்சு. ஏழாவது வீட்டில் எனக்குக் கல்யாணம் முடிந்தது. கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் பண்ணினேன். அதற்குள் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க ஓசூருக்குப் போய்விட்டார்கள், இரண்டு வருஷத்தில் அவர் காலமானார் என்று செய்தி வந்தது. எனக்கு அவர் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் அவரை நினைத்துக்கொள்வது அன்றைக்குத் திரும்பி வந்த பைக்கில்தான். பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் ஒன்றைக் காட்டிக்கொண்டே வருகிறவர், அன்றைக்கு ஊர் எல்லை தாண்டுகிறவரை எதையும் காட்டவில்லை. பிறகு காதருகே குனிந்தார்.

"தம்பி, சுட்டுட்டேன்."

நல்ல தமிழ், சுத்தமான குறில். யாரை சார் என்று கேட்டேன்.

"உன்னையத்தான்" என்றார்.